ஆறு பேர் சேர்ந்தால்தான் சோறு

அந்த லொறிக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து வெகுநேரமாகிவிட்டது. கை கழுவியாயிற்று. முன்னால் வெள்ளை விரிப்பும் விரித்தாயிற்று. சோறுதான் வரவில்லை.

பாலாவிச் சந்தியின் மத்தியான வெயில் எப்படியென்று அங்கே பஸ் மாறியவர்களுக்குத் தெரியும். தார் ரோட்டைப் பார்த்தால் கண் கூசும். உப்பளப் பக்கமிருந்து வருகிற காற்று உதட்டில் கரிக்கும். எங்கள் சமையலறையிலிருந்து நெய்ச்சோற்று வாசமும் இறைச்சிக்கறி வாசமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. மனிதர் ஒவ்வொரு தடவையும் மூக்கை உறிஞ்சிவிட்டு வாசலைப் பார்த்தார்.

வாசலில் கடைக்காரன் நின்றிருந்தான். அவன் என் தம்பி ரிஸ்வான். அவனும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மல்லி, சோறு இல்லையா?" என்று கேட்டார் லொறிக்காரர். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகவே வந்தது, தம்பி என்பதற்கு மட்டும் மல்லி.

"எல்லாம் ரெடி மஹத்தயா. இன்னும் மூணு பேர் வந்தா வெச்சிரலாம்."

அவர் தன் பாயைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மீன் வியாபாரியும், மருந்து எடுக்கப் புத்தளத்துக்குப் போகிற ஒரு பெரியவரும் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் அதற்கு முன் கண்டதே இல்லை. மூவரும் பல் பிடுங்கக் காத்திருப்பவர்களைப்போல் வெறும் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாற மூணு பேரும் யாரு?"

"தெரியா மஹத்தயா. யாரு வந்தாலும் சரிதான்."

"எனக்குத் தெரிஞ்ச ஆக்களா?"

ரிஸ்வானுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. சுவரோரமாகக் கதிரையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த எனக்கு விளங்கியது. சிரிப்பை மறைக்கத் தாளுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

லொறிக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மரியாதையாக எழும்பி, சப்பாத்தைப் போட்டு, நாடாவைக் கட்டிக்கொண்டார். "அடுத்த முறை வீட்டு ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறன் மல்லி" என்று சொல்லிவிட்டுப் போனார். லொறி புறப்படுகிற சத்தம் கேட்டது.

மீன் வியாபாரி பெரியவரைப் பார்த்தார். "இப்ப நாலு பேர் வரோணும்" என்றார்.

சஹன் என்றால்

போன கிழமை எழுதியதை வாசித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் குறைப்பட்டார். ஊர்ச் சொற்களை விளக்காமல் நான் பாட்டுக்கு ஓடுகிறேனாம். நியாயமான குறைதான். ஆகவே இந்தமுறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் கலியாணம், கந்தூரி என்றால் ஆளுக்கொரு தட்டு வைக்கிற பழக்கம் இல்லை. பெரிய வட்டத் தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறிகளை வைத்து, பாயின் நடுவே கொண்டுவந்து வைப்பார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுதான் சஹன்.

அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் அவரவர் தின்ன வேண்டும். நல்ல இறைச்சித் துண்டு எதிர்ப்பக்கம் கிடந்தால் கண்ணால் பார்க்கலாம். எதிரே இருப்பவர் மனம் வைத்துத் தள்ளிவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதில் பழகியவர்களுக்குத் தனித் தட்டில் தின்றால் வயிறு நிறைந்தாலும் சாப்பிட்ட மாதிரி இருக்காது.

கலியாண வீட்டில் ஆறு பேர் சேர்வது ஒரு காரியமா? அறுபது பேர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். என் தம்பி அந்தச் சஹனை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ப் பாலாவிச் சந்தியில் வைத்தான். கற்பிட்டிப் பக்கம் திரும்புகிற பஸ்களும், சீமெந்தும் உப்பும் ஏற்றிய லொறிகளும் நிற்கிற சந்தி அது. அங்கே யாருக்கும் நின்று மூச்சுவிட நேரமில்லை. ஆறு பேராகச் சேர்ந்து வருகிறவர்களும் இல்லை.

இரண்டு வாப்பா

ரிஸ்வான் கட்டாரில் ஓர் அரபி வீட்டில் கார் ஓட்டினான். மகள் ஹனா தாய் வயிற்றில் இருக்கும்போது போனவன். அவள் ஓடித் திரிகிற வயதில்தான் திரும்பினான். அதுவரை அவளுக்கு வாப்பா என்பவர் கைபேசிக்குள் இருக்கிற ஓர் ஆள்.

வந்து இறங்கிய பிறகும் பிள்ளை அப்படியே நினைத்தாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டை நீட்டினால், உள்ளே ஓடிப்போய் உம்மாவின் கைபேசியை எடுத்துவந்து, "வாப்பாக்கு எடுங்க" என்பாள். யாரோ ஒரு மாமா வந்து பிஸ்கட் தந்து தொந்தரவு பண்ணுகிறார் என்று வாப்பாவிடம் முறையிட வேண்டுமாம்.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ரிஸ்வானும் சிரித்தான். பிறகு கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் திரும்பிப் போகல்ல ராத்தா" என்று அக்காவான என்னிடம் சொன்னான்.

சொல்வது லேசு. அந்த அரபி நல்ல மனுஷர், அதுதான் தொல்லையாகப் போயிற்று. ஹஜ் பெருநாள் வரைக்கும் உன் இடத்தை வைத்திருப்பேன், அதற்குப் பிறகுதான் வேறு ஆள் எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். ஆக, ஹஜ் பெருநாளுக்குள் கடை தன் காலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிஸ்வான் விமானம் ஏற வேண்டும்.

அவன் மனைவி பஸ்மிலா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது மட்டும், "சனம் இரிந்திச்சா மதினி?" என்று கேட்பாள். நான் என்ன சொல்கிறேன் என்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். எனக்குப் பொய் சொல்ல வராது, ஆகவே கொஞ்ச நாளில் பின்வாசலால் வீட்டுக்குள் போகப் பழகிக்கொண்டேன்.

இதற்கிடையில் ஹனா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தனக்கு இரண்டு வாப்பா. ஒருவர் போன் வாப்பா, மற்றவர் கடை வாப்பா. கடை வாப்பாவின் முதுகில் ஏறாமல் அவளுக்கு நித்திரை வராது என்கிற அளவுக்குக் காரியம் போய்விட்டது. கடை இல்லாவிட்டால் கடை வாப்பா எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

கனமூலையில் பனிமலை

எங்கள் குடும்பத்துக்கு இந்த மாதிரி வியாபாரம் புதிதல்ல. இடையில் சாச்சாவின் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

எங்கள் வாப்பாவின் தம்பியான அந்தச் சாச்சா, கனமூலையில் ஒரு படப்பிடிப்பு நிலையம் திறந்தார். சிலாபத்திலிருந்து ஓவியர் ஒருவரைக் கூட்டிவந்து பின்சுவர் முழுக்கப் படம் வரைவித்தார். வெள்ளைப் பனிமலை, கீழே நீர்வீழ்ச்சி, நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் இரண்டு மான். வெங்காயத் தோட்டத்துக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கிற ஊரில் பனிமலை.

அப்போதெல்லாம் ஊரில் ஆசைக்குப் படம் எடுக்கிற பழக்கம் இல்லை. பெரியவர்களுக்கு அது பிடிக்காது. அடையாள அட்டைக்கு, பரீட்சைக்கு, பாஸ்போட்டுக்கு என்றால்தான் வருவார்கள். அதற்கெல்லாம் பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும்.

சாச்சா ஒவ்வொருவரோடும் சண்டை பிடித்தார். "இந்த மலையோட எடுத்தா உங்களுக்கு என்ன குறையும்?" ஒருவர் பாவம், சாச்சாவின் முகத்துக்காக மலையோடு எடுத்து அனுப்பினார். தலைக்கு மேலே ஒரு மான் நின்றது. கந்தோரில் விண்ணப்பத்தையே திருப்பிவிட்டார்கள்.

கடைசியில் சாச்சா மலைக்கு மேலே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினார். கடை மூடுகிற வரைக்கும் அது அப்படியே தொங்கியது. "சனத்துக்கு ரசனை இல்ல மகள்" என்று என்னிடம் சொல்வார். எங்கள் குடும்பத்து வியாபாரிகளுக்குச் சனத்தின் மேல் எப்போதும் ஒரு மனத்தாங்கல் இருந்துகொண்டே இருக்கும். சனம் என்ன கேட்டு வந்தது என்று விசாரிக்க மட்டும் மாட்டார்கள்.

ஜிப்ரி நானாவின் உபசாரம்

ரிஸ்வான் சஹன் வைத்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜிப்ரி நானாவையும் வேலைக்கு எடுத்தான்.

மதுரங்குளிப் பக்கத்துக் கலியாணங்களில் பந்தியைக் கவனிக்கிறவர் ஜிப்ரி நானா. வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. கை கழுவத் தண்ணீர் வார்க்கிற கெண்டியையும், கழுவிய தண்ணீரை ஏந்துகிற படிக்கத்தையும் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வந்தால் மாப்பிள்ளைகூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

சந்தியிலும் அவர் அதே நடைதான் நடந்தார். பஸ்ஸிலிருந்து பாய்ந்து இறங்கி வருகிற ஆளுக்கு ஸலாம் சொல்லி, "எந்த ஊரு? யாருட மகன்?" என்று விசாரித்து, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, பாயில் இருத்தி, கை கழுவ வைப்பதற்குள் பஸ் நுரைச்சோலையைத் தாண்டியிருக்கும்.

"நானா, நாலு பேருக்கு வெச்சா என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டு பக்கம் அப்பிடியே கெடக்கும். பாக்கிற கண்ணுக்கு நல்லால்ல" என்றார் ஜிப்ரி நானா.

பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் தனி இடம். அங்கே நிலைமை இன்னும் மோசம். பிள்ளையோடு தனியாக வருகிற பெண்ணுக்கு இன்னும் ஐந்து பெண்களை எங்கே தேடுவது? "ரீச்சர், சஹனுக்கு ஒரு ஆள் குறையிது, கொஞ்சம் வந்து இருங்க" என்று என்னைக் கூப்பிடுவார்கள். சமைக்கிற பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன், ஆகவே நிரந்தர ஆறாவது ஆள் நான்தான். அந்த மாதங்களில் என் உடுப்புகளையெல்லாம் தையல்காரியிடம் கொடுத்துத் தளர்த்த வேண்டி வந்தது. அந்தக் கடையின் திருப்தியான ஒரே வாடிக்கையாளர் நான். காசு கொடுக்காத வாடிக்கையாளரும் நான்தான்.

பழுதான பஸ்

எங்களுக்கு நடந்த பெரிய கேடு எதுவென்றால், ஒரு நாள் கடை நிறைந்ததுதான்.

கற்பிட்டிக்குப் போகிற பஸ் ஒன்று, சரியாக எங்கள் வாசலுக்கு முன்னால், சரியாக மத்தியானத்தில் பழுதாகி நின்றது. இயந்திரத்திலிருந்து புகை. மாற்று பஸ் வர வெகுநேரமாகும் என்று கொண்டக்டர் சொல்லிவிட்டார். வெயிலுக்குப் பயந்த சனம் முழுவதும் உள்ளே வந்தது.

ஜிப்ரி நானாவுக்குப் பெருநாள். ஆறாறு பேராகப் பிரித்து இருத்தினார். திரைக்குப் பின்னால் நானும், தலவிலைக் கோயிலுக்குப் போகிற ஒரு கன்னியாஸ்திரியும், வன்னியிலிருந்து இங்கே வந்து குடியேறிய ஒரு மருத்துவத் தாதியும், இன்னும் மூவரும் ஒரே சஹனில் சாப்பிட்டோம். கன்னியாஸ்திரி தன் பக்கத்து இறைச்சியை எனக்குத் தள்ளிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அது நல்ல சாப்பாடு. எல்லாரும் சிரித்தார்கள், போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். மாற்று பஸ் வந்தபோது சிலருக்கு எழும்ப மனமில்லை.

"பாத்தீங்களா ராத்தா? சனத்துக்குச் சஹன் எவ்வளவு விருப்பம் எண்டு?" ரிஸ்வானின் கண் பளபளத்தது.

"தம்பி, அவங்களுக்குப் போக வழியில்லாமப் போச்சிடா."

"ஆனா சிரிச்சாங்கதானே?"

நான் ஆசிரியை. உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். 'வாடிக்கையாளரின் தேவையை அறிதல்' என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதி அழிக்கிறவள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், சிரிச்சாங்க" என்றேன். அடுத்த கிழமை ரிஸ்வான் இன்னும் பல சஹன்கள் வாங்கினான். பஸ்கள் பழுதாகாமல் ஓடிக்கொண்டிருந்தன.

பலகையில் இடமில்லை

நோன்பு மாதம் வந்தது. பகலில் கடை மூடியிருந்ததால் சோறு மிஞ்சவில்லை. கடை தொடங்கிய பிறகு நிம்மதியாகப் போன மாதம் அது ஒன்றுதான்.

நோன்புப் பெருநாள் முடிந்து திறந்தபோது ரிஸ்வானுக்குப் பயம் பிடித்துவிட்டது. பயந்த வியாபாரி என்ன செய்வான்? பலகையில் எழுதுவான். சஹனுக்குக் கீழே கொத்து ரொட்டி வந்தது. கொத்துக்குக் கீழே ஃபலூடா. அதற்குக் கீழே பிறந்தநாள் கேக், கைபேசி ரீலோட், போட்டோக் கொப்பி. பலகை எழுதுகிறவர், "இனி எழுதுறதெண்டா சுவர்லதான் எழுதோணும் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

"இந்தக் கடை யாருக்குடா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் ராத்தா."

என் வகுப்பில் ஒரு பிள்ளை இந்தப் பதிலை எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் சீனர்கள் வேலை செய்கிறார்களே என்று ஒரு யோசனை. அவர்களுக்காக நூடில்ஸ் போட்டான். பலகையில் யாரிடமோ கேட்டுச் சீன எழுத்தும் எழுதுவித்தான். ஒரு நாள் ஒரு வேன் வந்து நின்றது. சீனர்கள் இறங்கினார்கள். எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்! தாங்களாகவே ஆறு பேராக வந்த முதல் கூட்டம். ஜிப்ரி நானா கெண்டியை எடுக்க ஓடினார்.

ரிஸ்வான் நூடில்ஸைக் காட்டினான். அவர்கள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுச் சஹனைக் காட்டினார்கள். நூடில்ஸ்தான் ஒவ்வொரு நாளும் கிடைக்குமே. உட்கார்ந்து, கரண்டி வாங்கி, ஒரு பருக்கை விடாமல் தின்றார்கள். கடைசியில் ஒருவர் கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டி, "பியர்?" என்று கேட்டார்.

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றார் ஜிப்ரி நானா. பாவமன்னிப்புக் கேட்கிற அந்தச் சொல்லை அவர்கள் ஒரு பானத்தின் பெயர் என்று நினைத்து ஓம் என்று தலையாட்டினார்கள். பிறகு அந்த வேன் வரவில்லை.

எதிர்க்கடைப் பலகை வாங்கு

ஹஜ் பெருநாளுக்கு இன்னும் சில கிழமைகள்தான். பள்ளிக்கூட விடுமுறை. வெயிலில் வந்து இறங்கிய எனக்குத் தலை இடித்தது. "ஒரு பிளேன்டீ தா தம்பி" என்றேன்.

ரிஸ்வான் தயங்கினான். "டீ சஹனுக்குப் பிறகுதான் ராத்தா. கேத்தல் பெரிசு. ஒரு ஆளுக்கு ஊத்தேலா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொந்தத் தம்பியின் கடையில் ஒரு பிளேன்டீக்கு ஐந்து பேரைத் தேட வேண்டுமா? "வா இஞ்ச" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து சிவம் அண்ணரின் தேத்தண்ணிக் கடைக்குள் போய்விட்டேன்.

சிவம் அண்ணர் சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். "வாங்கோ ரீச்சர், இருங்கோ. தம்பியும் வாறாரோ? நல்லது" என்றார். நேரே எதிரில் இருக்கிற கடைக்காரன் தன் கடைக்கு வந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு பிளேன்டீ உடனே வந்தன.

அவருடைய கடையில் வாங்குகள், அதாவது உட்காருகிற நீளப் பலகைகள், எல்லாம் ரோட்டைப் பார்த்தபடி கிடந்தன. தெரு நாடகம் பார்க்க வந்தவர்களைப்போல் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அப்படியே உட்கார்ந்தோம். கண்ணுக்கு நேரே எங்கள் கடை. திறந்த நாளிலிருந்து அன்றுதான் அதை வெளியே இருந்து பார்க்கிறோம்.

ஓர் உப்பு லொறி வந்து எங்கள் கடைக்கு முன்னால் நின்றது. இளவட்டம் ஒருவன் இறங்கினான். ஜிப்ரி நானா வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் வரவேற்றார். பையன் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினான். பிறகு மற்றதை. உள்ளே போனான்.

கொஞ்சத்தில் காலுறையோடு வெளியே வந்து லொறியைப் பார்த்தான். உள்ளே போனான். திரும்பவும் வந்து பார்த்தான். பின்னாலேயே கெண்டியும் படிக்கமுமாக ஜிப்ரி நானா வந்தார். பையன் ரோட்டோரம் நின்று கையை நீட்டினான், அவர் தண்ணீர் வார்த்தார். ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் தன் லொறியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜிப்ரி நானா உள்ளே போனதுதான் தாமதம், சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தாரில் காலுறையோடு துள்ளித் துள்ளி ஓடி, நேரே சிவம் அண்ணரின் கடைக்குள் வந்து ரிஸ்வானுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அண்ணே, சுறுக்கா ஒரு சோறு" என்றான். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தான். "அங்கால ஏதோ கலியாண ஊடு போல. நான் கட எண்டு நெனச்சிப் போய்ட்டன். பாவம், நல்ல மனுசரு, என்னையும் புடிச்சி இருத்தப் பாத்தாரு. மாப்பிளயத்தான் காணல்ல."

சிவம் அண்ணர் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

ரிஸ்வான் டீயைக் கீழே வைத்தான். "மாப்பிள நான்தான் தம்பி" என்றான்.

பையனுக்கு விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ரிஸ்வானின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"லொறிய விட்டுட்டு உள்ளுக்க இரிக்கேலாதா?" என்று அவன் பையனைக் கேட்டான். ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய வேண்டும் என்று கேட்டான்.

"எப்பிடி இரிக்கிற? தார்ப்பாயை யாராச்சும் அவுத்தா நான்தானே பொறுப்பு. கண்ணு வண்டிலதான் இரிக்கோணும்." சோறு வந்தது. பையன் கறியைக்கூடப் பார்க்காமல் பிசைந்தான். கை தட்டுக்கும் வாய்க்கும் போய் வந்தது, கண் லொறியை விட்டு அசையவில்லை.

ரிஸ்வான் அவன் சாப்பிடுவதைக் கடைசி வரை பார்த்தான். பையன் போன பிறகுதான் பேசினான்.

"நானும் இப்பிடித்தான் திண்டன் ராத்தா. அங்க, அவ்வளவு வருஷமும். மடியில பார்சல், கண்ணு அரபிட கார்ல. பக்கத்துல ஒரு மனுசன் இல்ல. ஊருக்குப் போனா இனி ஒரு நாளும் தனியாத் திங்கிறல்ல எண்டு நெனச்சன். யாரையும் அப்பிடித் திங்க உடுறதும் இல்ல எண்டு நெனச்சன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அந்தக் கடைக்கு ஒரு வாடிக்கையாளன் இருக்கத்தான் செய்தான். அவன் பசி உண்மையானது, அவனுக்கு என்ன வேண்டுமென்று கடைக்காரனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அந்த வாடிக்கையாளன் ரிஸ்வான். வேறு ஒருவருக்காகவும் அந்தக் கடை திறக்கப்படவில்லை.

நான் அழுதேன். சிவம் அண்ணர் கேட்காமலே இன்னொரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஹஜ்ஜுக்கு முன்

அடுத்த நாள் ரிஸ்வான் முன்சுவரின் பாதியை இடித்தான். ரோட்டைப் பார்த்தபடி நீள வாங்கு போட்டான். தனித் தட்டு வாங்கினான். பலகையை முழுக்க அழித்துவிட்டு, "சோறு, டீ, லொறி நிறுத்த இடம்" என்று மூன்று மொழியிலும் எழுதுவித்தான். எதிர்க்கடையில் போய் உட்கார்ந்து, அந்தக் கடையைக் கெடுக்காமல் என்ன செய்யலாம் என்று சிவம் அண்ணரோடு பேசினான். அவர் காலையும் மாலையும் பார்த்துக்கொள்வதாகவும், இவன் மத்தியானச் சோற்றைப் பார்த்துக்கொள்வதாகவும் பேச்சு. டீயை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சஹன்கள் கலியாண வீடுகளுக்கு வாடகைக்குப் போயின. ஜிப்ரி நானா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ரிஸ்வானோடு மூன்று நாள். பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்தார். லொறி வந்து நின்றதும் கெண்டியையும் படிக்கத்தையும் தூக்கிக்கொண்டு நேரே கதவடிக்குப் போய், டிரைவரை இருந்த இடத்திலேயே கை கழுவ வைத்தார். இறங்கும்போதே ஈரக் கையோடு இறங்குவார்கள். இப்படி ஒரு மரியாதை கொழும்பு ரோட்டில் வேறெங்கும் கிடைக்காது என்று லொறிக்காரர்களுக்குள் கதை பரவியது.

ஆனால் கதை பரவ நாள் எடுக்கும். ஹஜ் பெருநாள் நாளெடுக்காமல் நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. பஸ்மிலா வீட்டில் இருந்து கேட்டது போதும் என்று கடைக்கே வந்து டீ ஊற்றத் தொடங்கியிருந்தாள். ரிஸ்வான் போவதைப் பற்றியோ இருப்பதைப் பற்றியோ அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெருநாளுக்கு முந்திய கிழமை, ஒரு மத்தியானம் அவன் கைபேசி அடித்தது. அரபி. வாங்கில் நாலைந்து டிரைவர்கள், வெளியே இன்னும் ஒரு லொறி திரும்பிக்கொண்டிருந்தது. ரிஸ்வான் தோளுக்கும் காதுக்கும் இடையில் கைபேசியை இடுக்கிக்கொண்டு சோறு போட்டுக்கொண்டே பேசினான். அவன் பாபா என்று கூப்பிடுகிற அந்த அரபி நீளமாக ஏதோ சொன்னார். இவன் கேட்டான். பஸ்மிலாவின் கை தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலே அப்படியே நின்றது.

"லா, பாபா" என்றான் ரிஸ்வான். அந்தப் பக்கம் திரும்பவும் ஏதோ கேட்டார்கள். "லா. லா, பாபா." பிறகு ஸலாம் சொல்லி வைத்துவிட்டு, "யாருக்கு மீன்?" என்று வாங்கைப் பார்த்துக் கேட்டான்.

பஸ்மிலாவுக்கு அரபு பேசத் தெரியாது. ஓதத்தான் தெரியும். ஆனால் 'லா' என்றால் இல்லை என்று எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் கோப்பையில் சீனி போட்டாள். போட்டதை மறந்து இன்னொரு கரண்டி போட்டாள். பிறகு இன்னொன்று. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, கலக்கி, வாங்கின் ஓரத்தில் இருந்த டிரைவரின் முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தார். "நோனா, சீனி கூடிப்போச்சே."

"இண்டைக்கு அப்பிடித்தான் இரிக்கும்" என்றாள் பஸ்மிலா. "குடிங்க."